அவள் வயதைப் பதினெட்டு என்று போட்டேன்

உங்கள் கண்ணுக்குள், பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் விழித்திரை எவ்வளவு தடிமன் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. தெரியாமலேயே பஸ் நம்பர் படிக்கிறீர்கள், போன் பார்க்கிறீர்கள், நிம்மதியாகத் தூங்குகிறீர்கள். எனக்கு என்னுடையது தெரியும். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுடையதும் தெரியும். அதனால் எனக்குத் தூக்கம் போன கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் ஆம்பூர்க்காரி. நாலு வருஷம் ஆப்டோமெட்ரி படித்தேன். எங்கள் தெருவில் அதற்குக் கண்ணாடிக் கடைப் படிப்பு என்று பெயர். முடித்ததும் வேலூரில் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை கிடைத்தது. ஜவ்வாது மலையில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்குப் போக வேண்டும். கண்ணில் எந்த நோயும் இல்லாத பிள்ளைகளின் விழித்திரைத் தடிமனை மெஷினில் அளந்து எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நல்ல கண்ணை எதற்கு அளக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். நல்ல கண் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே கெட்டது எது என்று சொல்ல முடியும். மெஷினுக்குள் ஏற்கெனவே ஓர் அளவுப் பட்டியல் இருக்கிறது. ஆனால் அது எங்கேயோ இருக்கிற, வயது வந்தவர்களின் கண்ணை வைத்துப் போட்டது. மலைப் பிள்ளைகளுக்கென்று ஒரு பட்டியல் இல்லை. அதை உண்டாக்கத்தான் இந்தத் திட்டம். இன்டர்வியூவில் இதையெல்லாம் இங்கிலீஷில் பொளந்து கட்டினேன். சொன்ன எனக்கே அது புரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். என் அப்பா தோல் கம்பெனியில் செலக்‌ஷன் பிரிவில் இருக்கிறார். மேஜைமேல் தோலை விரித்து, கனம் அளக்கும் கேஜின் வாயில் விளிம்பைக் கொடுத்து அமுக்குவார். முள் நகரும். கேட்ட கனம் இல்லையென்றால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. ரிஜெக்ட். சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்தே வளர்ந்தவள் நான். மெலிசு என்றால் கோளாறு. என் மண்டையில் யாரும் சொல்லாமலே ஏறி உட்கார்ந்திருந்த பாடம் அது.

மெஷினை மலைக்கு ஏற்றுவதே ஒரு கூத்து. கம்பளியில் சுற்றி, வேன் சீட்டில் கட்டி, ஒவ்வொரு வளைவிலும் நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போவேன். வேன் ஓட்டுபவர் வாணியம்பாடி பாய். என் அப்பா வயது, வாய் மட்டும் கல்லூரிப் பையனுடையது. இது மெஷினா, இல்லை புதுசாக வந்த மாமியாரா, இப்படித் தாங்குகிறாயே என்று தினமும் கேட்பார். பள்ளிக்கூட நூலக அறையைக் கொடுத்திருந்தார்கள். ஜன்னல்களில் செருப்புக் கம்பெனி லைனிங் துணியை ஒட்டி இருட்டாக்கினேன். அந்த இருட்டைப் பார்த்தே சின்னப் பிள்ளைகள் பாதிப் பேர் அழுதார்கள். தாடையை இங்கே வை, நெற்றியை அங்கே ஒட்டு, உள்ளே தெரிகிற பச்சைப் புள்ளியையே பார், இமைக்காதே என்றால், ஒரு பிள்ளைக்கும் அது கண் பரிசோதனை மாதிரித் தெரியவில்லை. ஊசி எங்கிருந்து வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களை வரிசையில் நிறுத்தும் வேலையை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தானாகவே எடுத்துக்கொண்டாள். பதிமூன்று வயது. ஒல்லி. இரட்டைச் சடையில் ஒன்று எப்போதும் அவிழ்ந்திருக்கும். ஊசியெல்லாம் கிடையாது, கண் சிமிட்டுகிறவனுக்கு மட்டும்தான் என்று சொல்லி எல்லோரையும் கல் மாதிரி உட்கார வைத்தாள். எனக்குப் படம் சுத்தமாக வந்தது. நான் அவளைத் திட்டவேயில்லை.

அந்த நூலகத்தில் இருந்த புத்தகங்களை அவள் பெரும்பாலும் படித்து முடித்திருந்தாள். மெஷின் சூடேறும்வரை அலமாரிக்குக் கீழே உட்கார்ந்து, ஜன்னல் துணியின் ஓட்டை வழியாக விழும் வெளிச்சத்தில் படிப்பாள். கண் கெட்டுப்போகும் என்று நான் ஒரு தடவை விளையாட்டாகச் சொன்னேன். விளையாட்டாகத்தான்.

அன்று சனிக்கிழமை. பெற்றோர் வந்து பிள்ளைகளைப் பார்க்கிற நாள். அவள் முறை வந்தது. படம் எடுத்தேன். திரையில் சாம்பல் நிறத்தில் வரைபடம் வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் மெஷின் நிறம் காட்டாது. ஒப்பிட்டுப் பார்க்க அதனிடம் அளவு இல்லை, அதனால் வாயை மூடிக்கொள்ளும். சுவரில் நாங்கள் ஒட்டியிருந்த விளம்பரத் தாளில் மட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அழகாக இருக்கும். பச்சை என்றால் அளவு சரி, சிவப்பு என்றால் ரொம்ப மெலிசு.

அவள் திரையையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, கலர் படம்னு சொல்லிட்டு கறுப்பு வெள்ள போட்டுக்கினு இருக்க. எங்க ஊட்டு டிவியே தேவலாம்.”

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்த மெஷினில் கலர் வரவைக்க ஒரு வழி உண்டு. கல்லூரியில் சீனியர் ஒருத்தர் காட்டிக்கொடுத்தது. பிறந்த வருஷத்தை மாற்றி வயதைப் பதினெட்டு ஆக்கிவிட்டால் போதும். மெஷின் ஏமாந்துபோய் நிறத்தைக் காட்டும். பலரும் எப்போதாவது செய்து பார்க்கிறதுதான், யாரும் அதை வைத்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். பிரிண்ட் போடவே மாட்டார்கள். நான் போட்டேன். முதலில் வேறு இரண்டு பிள்ளைகளுடையது. முழுப் பச்சை. கைதட்டல். எனக்கு ஒரே கெத்து.

மூன்றாவது அவளுடையது. வலது கண் பச்சை. இடது கண்ணில், நரம்பு கிளம்புகிற வட்டத்தின் மேல் பக்கம், ஒரு துண்டு சிவப்பு.

யாரும் கைதட்டவில்லை. திரும்ப எடுத்தேன். திரும்பவும் சிவப்பு. மண்டைக்குள் அப்பாவின் சாக்பீஸ் ஒரு பெருக்கல் குறி போட்டது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பிரிண்டரிலிருந்து வந்த தாளை அவளே எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய்விட்டாள். வெளியே அவளுடைய அப்பா நின்றிருந்தார்.

நான் ஓடுவதற்குள் தாள் அவர் கைக்குப் போயிருந்தது. ஒரு கையில் பலாச்சுளை கட்டின துணி, இன்னொரு கையில் அந்தத் தாள். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். சிவப்பைப் படிக்க எழுத்து எதற்கு.

எங்களுக்கு விதி இருந்தது. பெற்றோரிடம் தாளைக் கொடுக்கக் கூடாது, நோய் பற்றி வாய் திறக்கக் கூடாது, சந்தேகம் வந்தால் வேலூரில் இருக்கும் எங்கள் டாக்டருக்குப் போன் பண்ண வேண்டும். அந்த நிமிஷத்தில் ஒரு விதியும் ஞாபகம் வரவில்லை. அவர் கேட்டார், நான் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொன்னேன். நரம்பு அந்த இடத்தில் கொஞ்சம் மெலிசாக இருக்கிறது, வேலூருக்கு வந்து காட்ட வேண்டியிருக்கும் என்றேன். அவர் தாளை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

“படிச்சிக்கினே இருந்தா ஜாஸ்தி ஆவுமாம்மா?”

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

“கண்ணுக்கு ரெஸ்ட் குடுத்தா நல்லது தாண்ணா.”

அவர் தலையை ஆட்டினார். அவள் என்னைப் பார்த்தாள்.

அந்தச் சனி ராத்திரியும் ஞாயிறு முழுக்கவும் வீட்டில் நான் இருந்த நிலை எனக்குத்தான் தெரியும். போனில் தேடினேன். நரம்பு மெலிவதற்கு என்னென்ன காரணம் என்று தேடினால் கண் அழுத்த நோயில் ஆரம்பித்து மூளைக் கட்டியில் போய் நிற்கும். ஒவ்வொன்றாக அவள் தலையில் பொருத்திப் பார்த்தேன். அவளுக்கு அடிக்கடி தலைவலி வருமா? ஒரு தடவை சொன்ன மாதிரி இருந்தது. சொன்னாளா, நானே நினைத்துக்கொண்டேனா? அம்மா பிரியாணி வைத்தாள், சாப்பிட முடியவில்லை. டாக்டருக்குப் போன் பண்ண வேண்டும் என்று கையில் எடுப்பேன், வைப்பேன். போன் பண்ணினால் வயதை மாற்றியதைச் சொல்ல வேண்டும். பயம் இரண்டு இருந்தது. அவள் கண் போய்விடுமோ என்று ஒன்று. என் வேலை போய்விடுமோ என்று இன்னொன்று. எது பெரிதாக இருந்தது என்று கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை மலைக்குப் போனால் அவள் இல்லை. சனிக்கிழமை மாலையே அப்பா கூட்டிப் போய்விட்டதாக விடுதி வார்டன் சொன்னார். கண் முழுசாக இருந்தால் போதும், படிப்பு வேண்டாம் என்று டீசி கேட்டிருக்கிறார். தலைமை ஆசிரியர் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு டாக்டருக்குப் போன் பண்ணினேன். எங்கள் திட்டத்தின் தலைவி அவர். கத்த மாட்டார். கத்தினால் தேவலாம் போல இருக்கும். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

“பதிமூணு வயசுப் பொண்ணு கண்ண, யாரோ பெரியவங்க கண்ணோட வெச்சிப் பாத்து செவப்புன்னு சொல்லிட்ட. அந்தப் பட்டியல் இவங்களுக்குப் பொருந்தாதுன்னு தானேம்மா உன்ன அங்க அனுப்பியிருக்கு?”

ஆட்டுத் தோலை எடுத்துவந்து மாட்டுத் தோலுக்கு வைத்த கணக்கில் அளந்தால் எல்லாமே ரிஜெக்ட்தான். தோல் ஊரில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். அந்தக் கண் ஆரோக்கியமாக இருந்தே மெலிசாக இருக்கலாம். ஆனால் என் பயம் குறையவில்லை, ஏனென்றால் டாக்டர் அடுத்துச் சொன்னது இது: நன்றாக இருக்கிறது என்றும் இப்போது சொல்லிவிட முடியாது. மலைப் பிள்ளைகளுக்கு அளவே இல்லாதபோது, அந்தச் சிவப்பு பொய் என்று எதை வைத்துச் சொல்வது? முழுப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். உடனே போய் அவளைக் கூட்டி வா, உண்மையைச் சொல்லிக் கூட்டி வா என்றார்.

அவர்கள் ஊருக்கு வேன் போகும் வரைக்கும் போய், மீதியை நடந்தோம். பாயும் கூட வந்தார். தனியாகப் போகாதே என்றார். நானும் தனியாகப் போகிற தைரியத்தில் இல்லை. சாமை அறுத்த நிலங்கள் வழியாகப் பாதை போனது. வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். கண்ணில் எதையாவது பிழிந்து விட்டிருப்பார்களோ என்று வேறு ஒரு பயம். பச்சிலைச் சாறு விட்டுக் கருவிழி வெந்துபோன கண்களைக் கல்லூரியில் படம் படமாகக் காட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. ஜன்னலில் சாக்கு தொங்கியது. மூலையில் கோரைப்பாய்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். கண்ணைச் சுற்றி ஈர வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

யாரது என்று அவள் கேட்டாள். நான்தான் என்றேன்.

“அக்கா, ரெஸ்ட் எத்தினி நாளு? எனுக்கு இங்க பகலா ராத்திரியான்னே தெரில.”

நான் அவள் அப்பாவிடம் திரும்பி, கண்ணுக்கு என்ன விட்டீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் அதிகாரமாகவே கேட்டுவிட்டேன் போல. அவர் முகம் மாறியது.

“ஒண்ணும் ஊத்தல. நீ இன்னா சொன்னியோ அத மட்டுந்தான் செஞ்சோம்.”

ரெஸ்ட் என்றேன். ரெஸ்ட் கொடுத்திருக்கிறார். இரண்டு நாளாக அந்த மனிதர் நிலத்துக்கும் போகாமல், துணி காயக் காய நனைத்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவளுக்குத் தெரியாமல் அழுதிருக்கிறார் என்பது கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. என் வாயிலிருந்து தவறி விழுந்த ஒரு வார்த்தையை ஒருவர் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் வீட்டில் நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை. அதனால் என் பேச்சுக்கு இப்படி ஒரு கனம் இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

துணியை அவிழ்த்தேன். கண் சிவந்து, கூசி, நீர் வழிந்தது. கருவிழி தெளிவாக இருந்தது. விரல் காட்டினேன், எண்ணினாள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன், எண்ணினாள்.

பிறகு சொன்னேன். மெஷினை ஏமாற்றினேன், அவள் வயதைப் பதினெட்டு என்று போட்டேன், அதனால்தான் அந்தச் சிவப்பு, அது உண்மையா பொய்யா என்று இன்னும் தெரியாது. இதை நான் ஒரே மூச்சில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் சிவப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

“எம் பொண்ணுக்கு பதினெட்டுன்னு எழுதினியா? எதுக்கு எழுதின? எந்த ஆபீசுக்குப் போச்சு அது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அது மெஷினில் அழுத்துகிற ஒரு எண். அவருக்கு அது தாள். தாளில் ஒரு பெண்ணுக்குப் பதினெட்டு என்று எழுதினால் அதை வைத்து யார் வேண்டுமானாலும் எதுவும் செய்யலாம். எங்கேயும் போகவில்லை, மெஷினுக்குள்தான் இருக்கிறது, அழித்துவிடலாம் என்று நான் சொன்னது எனக்கே நம்பும்படியாக இல்லை. பாய்தான் குறுக்கே வந்தார். தன் பேத்தியும் எட்டாம் வகுப்பு, இதே மாதிரி ஒருத்தி எழுதியிருந்தால் தானும் விட்டிருக்க மாட்டேன் என்று முதலில் அவள் அப்பா பக்கம் பேசினார். அப்புறம், திட்டுவதை வேலூரில் வைத்துத் திட்டலாம், பிள்ளை கண்ணை முதலில் காட்டிவிடலாம், பேஜாராக இருந்தால் நானே திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். அவள் அப்பா யோசித்தார். கிளம்பும்போது அந்தச் சிவப்புத் தாளையும் எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் வேலூரில், ஸ்கேன் அறை வாசலில் அவர் நின்றுவிட்டார். மகளை உள்ளே விட மறுத்தார். டாக்டர் எவ்வளவோ சொன்னார். அவர் என்னைக் கையால் காட்டினார்.

“மொதல்ல இவங்க கண்ண வெக்கச் சொல்லுங்க. இவங்களுக்கு இன்னா கலரு வருதுன்னு நான் பாக்கணும்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். போய் உட்கார் என்றார்.

எத்தனையோ பிள்ளைகளின் தாடையைப் பிடித்து அந்தத் தாங்கியில் வைத்திருக்கிறேன். கல்லூரியில் ஒருவர் கண்ணை ஒருவர் எடுத்துப் பழகியிருக்கிறோம், எல்லாம் அரட்டையோடு அரட்டையாக. அன்று தாங்கி சில்லென்று இருந்தது. பச்சைப் புள்ளி நடுங்குகிற மாதிரி தெரிந்தது. நடுங்கியது நான். என் உண்மையான பிறந்த தேதியைத்தான் போட்டார்கள். வலது கண் பச்சை. இடது கண்ணில், கீழ்ப்பக்கம், ஒரு துண்டு மஞ்சள்.

எனக்கு எல்லாம் தெரியும். மஞ்சள் என்றால் அளவு எல்லையோரத்தில் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், நல்ல கண்களிலும் வரும், பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒன்றும் உதவவில்லை. காது அடைத்தது. டாக்டர் என்னவோ சொல்கிறார், எனக்கு மஞ்சள் மட்டும்தான் தெரிகிறது. நாலு வருஷம் படித்த எனக்கே இப்படி என்றால், பலாச்சுளைத் துணியோடு வாசலில் நின்ற மனிதருக்கு அந்தச் சனிக்கிழமை எப்படி இருந்திருக்கும்?

அவர் திரையைக் குனிந்து பார்த்தார். பையிலிருந்து தன் தாளை எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உனுக்கும் கெட்டுக் கெடக்குதேம்மா. நீ எத்தினி நாளு துணி கட்டப்போற?”

கேலி இல்லை அதில். நிஜமாகவே கேட்டார். அவர் மகள் மட்டும் பின்னால் நின்று களுக்கென்று சிரித்தாள். நாலு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம்தான் அவர் அவளை உள்ளே விட்டார்.

கண் அழுத்தம் பார்த்தார்கள். மருந்து விட்டு, கண்பாப்பா விரிந்ததும் நரம்பைப் பார்த்தார்கள். இருட்டில் ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் பொட்டு தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்குகிற பரிசோதனையை, மருந்து தெளிந்த பிறகு மறுநாள் வைத்தார்கள். ஓரப் பார்வை போயிருந்தால் அதில் தெரிந்துவிடும். அவள் உள்ளே அமுக்க அமுக்க, வெளியே பெஞ்சில் நானும் அவள் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். பொத்தானின் டிக், டிக் கதவு வழியாகக் கேட்டது. சத்தம் கொஞ்சம் நின்றால் அவர் என்னைப் பார்ப்பார். நான் கதவைப் பார்ப்பேன்.

எல்லாம் சரியாக இருந்தது. அழுத்தம் சரி, நரம்பு சரி, ஓரப் பார்வை சரி. கண் உருண்டை கொஞ்சம் நீளம், அதனால் லேசான கிட்டப்பார்வை, அந்த இடம் மெலிசாகத் தெரிந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். கண்ணாடி போட்டால் போதும். எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வந்து காட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

என் காதில் விழுந்தது, ஒன்றுமில்லை என்பது. அவள் அப்பா காதில் விழுந்தது, வருஷத்துக்கு ஒரு தடவை என்பது. ஒன்றுமில்லாத கண்ணை எதற்கு வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்று கேட்டார். டாக்டர் விளக்கினார். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் அந்தச் சனிக்கிழமையே பார்த்திருக்கிறேன். பிறகு, திட்டத்தில் அவள் பெயர் இருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தோம். எங்களுக்கு ரொம்பத் தேவைப்பட்ட கண் அது. நல்ல கண் இவ்வளவு மெலிசாகவும் இருக்கலாம் என்று சொல்லக்கூடிய கண். பட்டியலில் அது இல்லை. அடுத்த வாரம் இன்னும் சில வீடுகளிலிருந்தும் வந்து, பிள்ளையை அளக்கச் சம்மதித்துப் போட்ட கையெழுத்தைத் திரும்பக் கேட்டார்கள். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. பிறந்த தேதியை மட்டும் இனிமேல் வேறொருவர் போடுவார், நான் தொடக் கூடாது.

அவள் பள்ளிக்குத் திரும்ப வந்துவிட்டாள். அந்த மட்டில் எனக்கு உயிர் வந்தது. டீசிப் பேச்சு நின்றது. கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னும் வாய் ஜாஸ்தியாகிவிட்டதாக வார்டன் சொல்வார். மலைக்குப் போகும்போது என்னைப் பார்த்தால், துணி கட்டலையா அக்கா என்பாள். நான் சிரிப்பேன். ஆனால் நூலகத்துக்கு அவள் வருவதில்லை. பாடப்புத்தகம் மட்டும்தான், அதுவும் பகலில் மட்டும்தான் என்று அப்பாவிடம் சத்தியம் பண்ணியிருக்கிறாள். அது அப்பாவுக்காக மட்டும் இல்லையென்று போன மாதம்தான் தெரிந்தது. விடுதிப் பிள்ளைகள் சொன்னார்கள், நான் போய்க் கேட்டதற்கு அவள் பேச்சை மாற்றினாள், கடைசியில் வார்டனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. தினமும் காலையில் எழுந்ததும், யாருடனும் பேசுவதற்கு முன்னால், வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சிவப்பு வந்த இடது கண்ணால் எதிர்ச் சுவரில் இருக்கிற காலண்டரைப் படிக்கிறாள். இன்று காலையும் படித்தாள்.